ஒரே பட்டனை அமுக்குங்க

ஏரியில் அறுபத்து நாலில் ஒரு பங்கை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். முழுக்க மூடினால் என் குத்தகை மீன் அத்தனையும் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஏரியைப் பார்க்க வந்த இன்ஜினியரம்மா கால்குலேட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நூத்து முப்பத்தெட்டு நாள் ஆகும் பெரியவரே. வாரி எடுக்கிற மெஷின் நூறாம் நாள் வந்துரும்."

நான் படிக்காதவன். அதனால் யார் பேசினாலும் வாயைப் பார்க்கமாட்டேன், விரலைத்தான் பார்ப்பேன்.

"அறுபத்து நாலுக்கு ஒரு பட்டன அமுக்கினீங்க, அத வகுக்கிற ரெண்டுக்கு வேற பட்டன். விளைச்சல ஒரு மரக்கால்ல அளந்து, பங்க வேற மரக்கால்லயா பிரிப்பீங்க?"

"ரெண்டுமே லாக், மடக்கை பட்டன்தான் பெரியவரே. இதுல எல்.என்.னு போட்டிருக்கும், அவ்வளவுதான்."

"என்னவோ போட்டிருக்கட்டும். ஒண்ணையே ரெண்டுக்கும் அமுக்குங்கம்மா."

முகத்தைச் சுளித்துக்கொண்டு அமுக்கினார். ஆறு வந்தது.

"இப்ப மத்தத ரெண்டுக்கும் அமுக்குங்க."

அதிலும் ஆறுதான். ஆறு பத்து அறுபது நாள். ரெண்டு, நாலு, எட்டு என்று அறுபத்து நாலு வரைக்கும் நான் மடக்கிய விரல்களும் ஆறுதான்.

இன்ஜினியரம்மா அவசரமாகப் போனை எடுத்தார். "மெஷின் நாளைக்கே வரணும்!"

"எத்தன மணிக்குன்னு கேளுங்க" என்றேன்.