கத்தரி தொடாத ஒப்பந்தம்

“ரெண்டு வருஷத்துக்கு இந்த ஊருல நீ கத்தரியைத் தொடக் கூடாது. கையெழுத்து போட்டிருக்கே, ஞாபகம் இருக்கா?” ஒப்பந்தக் காகிதத்தை ஆட்டியபடி முழங்கினார் சலூன் முதலாளி.

அவரிடம் பார்த்த வேலையை விட்டு விலகி, தன் வீட்டு முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டுத் தொழில் செய்யும் மாஜி ஊழியன் பணிவாகக் கேட்டான்:

“என் மூணு மாசச் சம்பள பாக்கி, முதலாளி?”

“அதை மறந்துடு. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்!”

“நீங்க சொன்னா சரிதான்.” கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

“ஏன்டா நிறுத்திட்டே?”

“தொடக் கூடாதுன்னீங்களே!”

முதலாளி கண்ணாடியைப் பார்த்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. இடது மீசை கச்சிதம், வலது மீசை காடு. ஆறு மணிக்கு அவருக்குப் பாராட்டு விழா. அந்த மீசைக்குப் பழகிய ஒரே கை இவனுடையதுதான்.

துணிக்குள்ளிருந்து மெல்ல செல்போன் வெளியே வந்தது. மூன்று மாதச் சம்பளமும் போய்ச் சேர்ந்தது.

“இப்பவாவது வெட்டுடா!”

“அந்தக் காகிதத்தையும் குடுங்க முதலாளி. முதல்ல அதை வெட்டிடறேன்.”