பின்னிருக்கை இல்லாத படகு

இழுத்தாள்.

காற்று உறுமியது.

இழுக்க இழுக்கச் சக்கரத்துக்குள்ளிருந்து பெரிதாகக் கத்தியது. கடையின் மறுகோடியில் ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அதற்குள் வேறு எதுவும் கேட்காது.

"இந்த ரோயிங் மெஷின் வேணாம்மா," என்றார் அத்தான் ஜெபராஜ். இஞ்ச் டேப்பும் கையுமாக வந்திருந்தார். "உன் கீழ்வீட்டுக்காரர் மிக்சி போட்டாலே மேல ஏறி வந்து நிக்கிறவர்."

இறங்கினாள்.

மழைக்காலத்திலிருந்து கை சும்மா இருப்பதில்லை. சப்பாத்தி மாவை அது கல்லாகும்வரை பிசைகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இழுத்துப் பார்க்கிறது. மேசை இழுப்பறையின் பிடி ஒன்று கையோடு வந்துவிட்டது. ஆனால் ஆற்றுக்கு மட்டும் போக முடியவில்லை.

வீட்டிலேயே துடுப்புப் போட்டுக்கொள்ளலாம். ஒருவர் உட்காரும் இயந்திரம். பின்னால் இருக்கை கிடையாது.

அதுதான் வேண்டும்.

இரண்டாவது இயந்திரம் காந்தத்தில் ஓடுவது. இழுத்தாள். சத்தமே இல்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது.

ஒற்றை மூச்சு.

"தொட்டில் பக்கத்துலயே போட்டுக்கலாம் மேடம். குழந்தை புரண்டுகூடப் படுக்காது," என்றாள் விற்பனைப் பெண். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைச் சாய்த்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? ரொம்ப நல்லா இழுக்கிறீங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் முன்னால வந்து, நின்னு, அப்புறம் இழுக்கிறீங்க. யாருக்கோ வழி விடுற மாதிரி."

கைப்பிடி நழுவிப் போய் இயந்திரத்தில் மோதியது.

அத்தான் டேப்பைக் கொஞ்சம் இழுத்தார். விட்டார். சரக்கென்று உள்ளே ஓடியது.

ஆற்றில் அவர்களுடையது இருவர் படகு. போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வேகம் அவள் கையில். அவள் முதுகுக்குப் பின்னால் அக்கா சுகிர்தா, அத்தானின் மனைவி. தங்கையின் தோளைப் பார்த்து, கூடவே இழுக்க வேண்டியவள்.

அக்கா எப்போதும் ஒரு மயிரிழை பிந்துவாள்.

துடுப்புகள் நீரில் இறங்கும் சத்தம் ஒன்றாக வராது, இரண்டாக வரும். படகு தலையை ஆட்டும். அதனால் அவள் நிற்கப் பழகினாள். முட்டியை மடக்கி, கையை நீட்டி, அக்கா மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும்வரை நிற்பாள். பிறகு இறக்குவாள்.

சத்தம் ஒன்றாகிவிடும்.

கோச் அவளைத்தான் திட்டினார். ஆற்றுக்கு நடுவில் என்ன யோசனை என்று கரையிலிருந்து கத்துவார். அவள் வாய் திறக்கவில்லை.

அக்காவோ, தான் பிந்தியதே இல்லை என்று கடைசிவரை நம்பியிருந்தாள். "உன்னைச் சமாளிக்கிறதுக்குள்ள எனக்கு நுரை தள்ளுதுடி" என்பாள் கரையேறியதும்.

மழையோடு வந்த காய்ச்சல் அக்காவைக் கொண்டுபோனது.

அந்த இருக்கையில் வேறொரு பெண்ணை உட்காரவைத்தார்கள். அவள் பிந்தவே இல்லை. இவள்தான் ஒவ்வொரு முறையும் நின்றாள். அன்று முழுக்கப் படகு தலையை ஆட்டிக்கொண்டே போனது. கரையில் துடுப்பைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தவள்தான், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாவதில் தண்ணீர். காற்று இயந்திரத்துக்கு நேர் முன்னால் போட்டிருந்தார்கள். காலடியில் உருண்டைத் தொட்டி. இழுத்தாள். தண்ணீர் புரண்டது. முன்னால் வந்தாள்.

நின்றாள்.

நிற்காமல் இழுக்கப் பார்த்தாள். கை அவளைக் கேட்காமல் நின்றது.

மறுபடி. மறுபடியும் நின்றது.

படகை விட்டுவிட்டு வந்தாள். ஆற்றை விட்டுவிட்டு வந்தாள். இது மட்டும் கூடவே வந்துவிட்டது. வீட்டுக்கும் வரும்.

பின்னால் காற்று உறுமியது.

அவள் திரும்பவில்லை. படகில் திரும்பிப் பார்ப்பது பின்னால் இருப்பவரின் வேலை.

"சார், செருப்பு! செருப்போட ஏறாதீங்க சார்!"

அத்தான். தண்ணீரைக் கண்டால் பயம் அவருக்கு. காலையில் அக்காவை ஆற்றங்கரையில் கொண்டுவந்து விடுவார், ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே திரும்பிப் போய்விடுவார்.

இழுத்தாள். பின்னால் உறுமல் வந்தது. பிந்தித்தான் வந்தது. மயிரிழை அல்ல, முழ நீளம்.

முன்னால் வந்தாள். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நின்றாள். இழுத்தாள்.

சத்தம் இரண்டாகத்தான் இருந்தது.

அடுத்த முறை இன்னும் கொஞ்சம் நின்றாள். அதற்கடுத்த முறை அதைவிடக் கொஞ்சம்.

"எனக்காகவா நிக்கிற?" அத்தானுக்குப் பேச்சு துண்டு துண்டாக வந்தது. "நிக்காதம்மா. நீ போ. நான் வர்றப்போ வர்றேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

தொட்டியில் தண்ணீர் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

இழுத்தாள்.

பின்னால் உறுமல் எழுவதற்குள் இன்னொன்று இழுத்தாள். இன்னொன்று. தண்ணீர் தொட்டியின் பக்கத்தில் ஏறி அடித்தது. இருக்கை முன்னும் பின்னும் ஓடியது. பின்னால் இருந்த சத்தம் பிந்தியது. இன்னும் பிந்தியது. வெகு தூரம் பிந்தி, ஓய்ந்தது.

ஓய்ந்தது அவளுக்குக் கேட்டது.

இழுத்தாள்.

"மேடம் எதை எடுத்துக்கிறாங்க சார்? இதையே பில் போட்டுடலாமா?"

"கொஞ்சம் பொறும்மா," என்றார் அத்தான். "அது இறங்கட்டும்."

அவள் இறங்குவதாக இல்லை.