நான்காவது பை

"என் ரத்தத்தை யார் யாருக்கு ஏத்தினீங்க? எனக்குப் பெயர் வேணும் சார்."

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே, கேட்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிவைத்த கேள்வி.

ரத்த வங்கி அதிகாரி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காய்ச்சல் இருக்கா? குளிர்? குதிரை மாதிரி நிக்கிறே. நாலெழுத்து படிச்சா இப்படித்தான். போய் வேலையைப் பாரும்மா."

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படித்ததால்தான் கேட்கிறேன். காய்ச்சல் இல்லாத கொடையாளர் ரத்தத்தை இங்கே யாரும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமென்றால், ஆய்வக ஆட்கள் நாங்கள் எங்கள் விரலையே குத்திக்கொள்வோம். நேற்று என் விரல் ரத்தத்தில் மலேரியா கிருமி இருந்தது. திரும்பக் குத்தினேன். இருந்தது. அந்த ரத்தத்தை மூன்று முறை தானம் கொடுத்திருப்பதை அவரிடம் சொன்னேன்.

"மூணு இல்லை, நாலு," என்றார்.

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். நான்காவதற்கு இன்றைய தேதி.

"இன்னைக்கு நான் கொடுக்கவே இல்லை சார்."

"அப்ப கையில என்ன?"

முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. குளிர்பெட்டியைத் திறந்தேன். எல்லாப் பைகளும் சில்லென்றிருந்தன. என் பெயர் எழுதிய பை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"அது குழந்தைங்க வார்டுக்கு. வை அங்கே. வேலை போயிடும்."

"போகட்டும்."

என் ரத்தம் ஏறியவர்களின் பெயர்கள் இருந்த பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர்களைத் தேடி பையோடு வார்டுகளின் பக்கம் நடந்தேன். வராந்தா முடியும்வரை அந்தப் பை ஆறவே இல்லை.