தம்பிக்கு ஒரு விண்ணப்பம்

"என்ன படிச்சிருக்கீங்க?"

"வரலாறு."

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், அவளுடைய அக்கா வீட்டு மாடிப்படியில் நின்றபடி இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். எத்தனை வருடம் என்று அவள் கேட்கவில்லை. இரண்டே வருடம் என்று அவனும் சொல்லவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் மாமனார் தாமாகவே அவன் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ.' என்று போட்டுவிட்டார். ஐந்நூறு பத்திரிகை. ஒன்றைக்கூட அவன் திருத்தவில்லை.

அன்றிலிருந்து மச்சினனுக்கு, அதாவது அவளுடைய ஒரே தம்பிக்கு, அவன் 'பி.ஏ. அத்தான்'. மூத்த அக்காவின் கணவர் வெறும் அத்தான். "பி.ஏ. அத்தான், இந்த ஃபேன் ஏன் இப்படிக் கத்துது?" என்று மச்சினன் பாசமாகக் கேட்கும்போதெல்லாம் சட்டைக்குள் எறும்பு புகுந்ததுபோல நெளிவான். பிறகு ஏணி மேல் ஏறி ஃபேனைப் பார்ப்பான். ஏணி மேல் நிற்பவனிடம் யாரும் படிப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

லிஃப்ட் மெக்கானிக் அவன். இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நகக்கண்ணில் ஏறிய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எதிரே அவள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கையில் ஒரு தாளைப் பிடித்திருந்தாள்.

"ஏங்க, நம்ம தம்பிக்கு இது சரிப்பட்டு வருமான்னு சொல்லுங்க. நாளைக்குக் கடைசி நாளாம்."

பல்கலைக்கழக அறிவிப்பு. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களுக்கென்று சனி, ஞாயிறுகளில் தனி வகுப்பு. தகுதிகளை ஒவ்வொன்றாக, ஆய்வகத்துச் சீசாக்களின் பெயரை வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"கல்லூரியில் சேர்ந்து இடையில் நின்றவராக இருக்க வேண்டும்."

துணி ஒரு கணம் நின்றது.

ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. மேஜை மீது சாக்பீஸ்களைப் படைகளாக நிறுத்திப் போர் நடத்திக் காட்டும் வாத்தியார். தோற்ற ராஜாவை விரலால் நசுக்கி, பொடியை உஃப் என்று ஊதுவார். முன் வரிசை முழுக்க வெள்ளையாகிவிடும். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாம் வருட விடுமுறையில் அப்பா படுத்த படுக்கையானார். பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடைசியாக நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அடுத்தது என்ன வேண்டும் என்று நூலகர் கேட்டார். ஒரு வருடம் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

"நாற்பத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும்."

மச்சினனுக்குப் போன மாதம்தான் நாற்பது முடிந்தது. போய் வாழ்த்திவிட்டு வந்தார்கள்.

"ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்க இயலாது."

மச்சினன் முதல் வகுப்பில் தேறியவன். வங்கியில் மேலாளர்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஒரே தொழில்ல பதினைஞ்சு வருஷம் இருந்தவங்களுக்கு நுழைவுத் தேர்வும் கிடையாதாம். தம்பிக்கு யோகந்தான்."

மூன்று முறை வீடு மாறியிருக்கிறார்கள். மூன்று முறையும் இருவருடைய சான்றிதழ்க் கோப்பையும் பிரித்து, தூசி தட்டி, ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியவள் அவள்தான். அவளுடைய பட்டம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. பக்கத்தில் மாட்ட உங்களுடையது எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது, நல்லவேளை என்று இத்தனை காலம் நிம்மதியாக இருந்திருக்கிறான்.

அவள் தாளைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினாள். பேனா மூடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். பின்பக்கத்து விண்ணப்பத்தில் பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

"அவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நீங்களே எழுதிடுங்க."

அவன் துணியை மடித்து ஓரமாக வைத்தான். தொண்டையைச் செருமினான். இன்னொரு தடவையும் செருமினான். அவள் அவசரப்படுத்தவில்லை.

"ரெண்டு வருஷந்தான் படிச்சேன்," என்றான். "மூணாவது வருஷத்துக்கு... நான் போயிட்டு வரட்டுமா?"