டம்ளருக்குள் ஒரு ரூபாய்

ஐஸ் பெட்டியைத் திறந்ததும் சகாயராணி முதலில் பார்த்தது கறியை அல்ல, மூலையில் இருந்த கண்ணாடி டம்ளரைத்தான்.

குனிந்து இன்னொரு தடவையும் பார்த்துக்கொண்டாள்.

முல்லையாறு கரை தாண்டி, ஊரையே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டு இரண்டு ராத்திரி ஆகிவிட்டது. ஆளில்லாத தெருவில் கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது இருக்கிறது. கறியும் கல்லாக இருக்கிறது. உருகிக் கெட்டு, மறுபடி உறைந்த கறியும் இதேபோல் கல்லாகத்தான் இருக்கும்.

அதற்குத்தான் அந்த டம்ளர். உறைந்த தண்ணீரின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்திருந்தாள் ஓரகத்தி ஜெயமேரி. ஐஸ்கிரீம் கடைக்காரி, விவரம் தெரிந்தவள். காசு மேலேயே இருந்தால் கறிக்குப் பழுதில்லை. அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் வடிந்ததும், தனக்குக் கால் வீங்கிவிட்டதால் கடைச் சாவியைக் கொடுத்து, இளையவளைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயமேரி மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து. சுருளிப்பட்டியிலிருந்து அவளுடைய அண்ணன்மார் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த மூன்று கிடாக்கள். மழை வலுத்ததும், எங்கே கட்டிக் காப்பாற்றுவது என்று பயந்து முன்கூட்டியே அறுத்து உள்ளே அடுக்கிவிட்டார்கள்.

போன வருஷம் சகாயராணி மகனுக்கு இதே புதுநன்மை. இலை போட்டு ஊரே உட்கார்ந்த பிறகு, இதே ஜெயமேரி அண்டாவை மோந்து பார்த்து மூக்கைப் பொத்தினாள். கறி ஊசிப்போச்சு என்றாள். அவ்வளவுதான், பந்தி எழுந்துவிட்டது. கறியில் ஒரு குற்றமும் இல்லை என்று சமையல்காரர் சிலுவை மேல் சத்தியம் செய்தார். யார் கேட்டார்கள்? கிடா கொண்டுவந்த தம்பி அன்றைக்குப் போனவன்தான், இன்னும் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். சகாயராணிக்கு ஒரு வருஷமாகியும் ஆறவில்லை.

கெட்ட கறியைப் பந்தியில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். முன்னூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதன் பிறகு ஜெயமேரி கோயில் பக்கம் தலைகாட்ட முடியுமா? நினைக்க நினைக்க இனித்தது. பிறகு முன்வரிசையில் உட்காரும் சின்னப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். சீ, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

போன் அடித்தது. ஜெயமேரிதான்.

"ஏத்தா சகாயம், காசு எங்கன கெடக்கு?"

அந்தக் குரல் இப்படி நடுங்கி சகாயராணி கேட்டதே இல்லை.

"அடியில கெடக்குதுக்கா."

அந்தப் பக்கம் அழுகை. அண்ணன்மார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று புலம்பல். தான் வருவதற்குள் மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்துவிடச் சொன்னாள், கண்ணால் பார்க்க முடியாதாம்.

"நீ மறைச்சிருந்தா ஊரு முன்னால என் மானம் போயிருக்கும் தாயி. ஒன் மனசு யாருக்கு வரும்."

சகாயராணி போனை வைத்தாள். டம்ளரை வெளியே எடுத்தாள்.

வைத்த இடத்திலேயே, ஐஸின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ரூபாயை நகத்தால் பெயர்த்து எடுத்துவிட்டு, மண்வெட்டியைத் தேடிப் போனாள்.