மூன்று ஆலா முட்டைகள்

"திண்டிட்டன், மாஸ்ரர்" என்றார் தோணிக்காரர் மார்க்கண்டு.

"என்னத்தைத் திண்டனீர்?"

"அந்த மூண்டு முட்டையையும்தான். முந்தநாள் எடுத்து அவிச்சுத் திண்டிட்டன். குருவியளும் அண்டைக்கே பறந்து போட்டுது. இனி மணல்திட்டுக்குப் போய் வேலையில்லை."

நோர்மன் மாஸ்ரருக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பத்து வருடமாகத் தொண்டைமானாற்றுத் தண்ணீரில் குருவி பார்ப்பதே பொழுதுபோக்கு. இலங்கையில் கூடு கட்டுவதாக இதுவரை ஒருவரும் எழுதாத ஒரு வகை ஆலாக் கடற்குருவி இந்த ஆவணியில் மணல்திட்டில் முட்டையிட்டிருந்ததைக் கண்டவர் அவர்தான். உடனே கொழும்புக்கு எழுதினார். ஆராய்ச்சிக்காரர் வின்சன்ற் துவக்கோடு ரயிலேறி வந்துவிட்டார்.

"சோடியையும் சுட்டு, முட்டையோடை கொண்டுபோனால்தான் நம்புவினம். பிறகு உங்கடை பேர் புத்தகத்திலை ஏறும்" என்று தோணியில் ஏறும்போதே வின்சன்ற் சொல்லியிருந்தார். பாதி வழியில் மார்க்கண்டு தடியை நிறுத்திவிட்டு இந்தக் கதையைச் சொல்கிறார்.

"விசரன்" என்றார் வின்சன்ற். "வயித்துக்காக ஒரு கண்டுபிடிப்பையே விழுங்கிப்போட்டான்."

மார்க்கண்டு தோணியைத் திருப்பினார்.

கரையேறியதும் வின்சன்ற் துவக்கை வாடகைக் காரில் வைக்கப் போனார். மாஸ்ரருக்கு மனம் ஆறவில்லை. தண்ணீர்ச் செம்போடு வந்த மார்க்கண்டின் மனைவி கமலாவதியிடமே கொட்டித் தீர்த்தார்.

"தங்கச்சி, உம்மடை மனிசன் செய்த வேலையைப் பாத்தீரோ? ஊர்ப்பட்ட மீன் கிடக்க, அந்த ஆலா முட்டையைத்தானோ அவிச்சுத் தின்னவேணும்?"

கமலாவதி திகைத்துப்போனாள்.

"முட்டையோ? இவரோ? சந்நிதி முருகனுக்குக் கொடி ஏறி இண்டைக்கு எட்டு நாள், வாத்தியார். தீர்த்தம் முடியுமட்டும் மீன், முட்டை எங்கடை படலை தாண்டாது. இவர் ஒருநேரச் சோத்தோடை விரதம். அடுப்பிலை இருக்கிற சட்டியே புதுச்சட்டி."

மாஸ்ரர் செம்பை வாங்கினார். பிறகு தோணிப் பக்கம் பார்த்தார். மார்க்கண்டு தலை நிமிரவில்லை. கட்டிய கயிற்றையே அவிழ்த்துத் திரும்பவும் கட்டிக்கொண்டிருந்தார்.



"மாஸ்ரர்" என்று வின்சன்ற் காரடியிலிருந்து கூப்பிட்டார். "உவன்ரை கதையை நம்பேலாது. நாளைக்கு வேறை தோணி பிடிச்சு, அந்தத் திட்டை ஒருக்கால் பாப்பமோ?"

மாஸ்ரர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம், வின்சன்ற். யோசிச்சுப் பாத்தன். அது எப்பவும் இஞ்சை வாற ஆலாதான். நான்தான் பிழையாய் எழுதிப்போட்டன்."