ஏழாம் நம்பர் மலையின் புல்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இரண்டு மாதமாக மழை இல்லை. ஏழாம் நம்பர் மலையில் மட்டும் தேயிலை நிரைகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் புல் பச்சையாக நிற்கிறது. மற்ற மலைகளில் புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடித்துக் கருக்கியாகிவிட்டது, அடித்தவன் மருதைதான். இப்போதும் மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து நிரையேறி வருகிறான். அவனுக்கு நாலடி முன்னால் அவன் மனைவி சிவபாக்கியம், மருந்து படுவதற்குள் மாட்டுக்குப் புல்லை அறுத்துக்கொண்டே போகிறாள். அவளுக்காக அவன் தெளிப்பான் பிடியை மெல்ல மெல்ல அழுத்துகிறான். கீழே லயத்து வீட்டு மாட்டுப் பட்டியில் பசு பசியில் விடாமல் கத்துகிறது. அதன் பாலை விற்றுத்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. "மருதை, என்னா ஊர்கோலமா போற? வெரசா அடி!" மேட்டிலிருந்து கங்காணி அதட்டுகிறார்.

"வெலகு புள்ள," என்கிறான் மருதை.

"இன்னும் ஒரு கட்டுதாங்க, கொஞ்சம் பொறுங்க."

"அந்தாளு பாக்குறாரு."

பிடியை அழுத்துகிறான். காற்று திரும்புகிறது. மருந்துத் தூறல் அவள் முந்தானையிலும் கையிலிருக்கும் புல்லிலும் படிகிறது. மழையில் நனைந்ததுபோல் புல் வெயிலில் மினுங்குகிறது. "ஐயோ, அதக் கீழ போட்டுரு!" என்று அவன் கத்துகிறான். பசுவும் கத்துகிறது. சிவபாக்கியம் பட்டியைப் பார்க்கிறாள், கையைப் பார்க்கிறாள். விரல்கள் விரியவில்லை.